குழுவை நடத்துபவருக்குச் சொந்த விழுமியம் எதற்கு? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தடையற்ற வர்த்தக மண்டலமாகத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை, அங்கே இயந்திரத்தின் முன் நின்று வேலையைக் கற்ற நம்மவர் பலர் லைன் லீடராகவும் மேற்பார்வையாளராகவும் உயர்ந்திருக்கிறார்கள். பதவி உயர்வுக் கடிதம் கைக்கு வந்ததும், பணி அட்டவணை போடுவது, உற்பத்திக் கணக்கு எழுதுவது, விபத்து நேர்ந்தால் யாருக்கு அறிக்கை கொடுப்பது என்று பலவற்றையும் நிறுவனம் சொல்லிக் கொடுக்கிறது. ஆனால், "எவ்வளவு நெருக்கடி வந்தாலும் இந்தக் குழுவில் எதை நீங்கள் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. மின்னணுத் துறையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்து, அதில் பாதிக்கு மேல் குழுக்களை நடத்தியவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பொறுப்பேற்பவர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் தடுமாறுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தடுமாறியவன் நான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம். ஒருவர் தம் வாழ்வில் எதை உயர்ந்ததாக மதிக்கிறாரோ, எதை வைத்து இது தகும், இது தகாது என்று தீர்மானிக்கிறாரோ, அதுவே அவருடைய விழுமியம். அமெரிக்க உளவியலாளர் மில்டன் ரொக்கீச் 1973இல் இதை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். வசதியான வாழ்க்கை, குடும்பப் பாதுகாப்பு, சுதந்திரம் போன்று நாம் சென்றடைய விரும்பும் நிலைகள் ஒரு வகை. நேர்மை, பொறுப்பு, துணிவு, பணிவு போன்று நாம் நடந்துகொள்ள விரும்பும் முறைகள் இன்னொரு வகை. ஒவ்வொரு வகையிலும் 18 விழுமியங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை முக்கியத்துவத்தின்படி வரிசைப்படுத்துமாறு அவர் மக்களைக் கேட்டார். எல்லோருக்கும் எல்லாமே நல்லதாகத்தான் படும்; எது எதற்கு முன்னே நிற்கிறது என்பதில்தான் ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும் என்பதே அந்தக் கேள்வியின் அடிப்படை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். இந்த மாதம் கழிவு விகிதத்தைக் குறைப்பேன் என்பது இலக்கு. கையுறை இல்லாமல் மின்சுற்றுப் போர்டைத் தொடக்கூடாது என்பது விதி. இலக்கை அடைந்ததும் அது முடிந்துவிடுகிறது. விதி மேலிருந்து வருகிறது, மாறவும் செய்கிறது. விழுமியம் அவ்வாறு முடிவதில்லை. விதி எழுதப்படாத இடத்திலும், இலக்குகள் ஒன்றோடொன்று மோதும் இடத்திலும் நம்மை ஒரு பக்கம் சாய்ப்பது அதுதான்.

மோதல் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 20 நாடுகளில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 1992இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். மனித விழுமியங்களைப் பத்து வகைகளாகத் தொகுத்து, அவற்றை ஒரு வட்டத்தில் அடுக்கிக் காட்டினார். வட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று துணை செய்யும். எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று இழுக்கும். சாதித்துக் காட்ட வேண்டும் என்ற விழுமியத்திற்கு எதிர்ப்புறத்தில் பிறர் நலம் பேணும் விழுமியம் இருக்கிறது. தன் விருப்பப்படி சிந்தித்துச் செயல்படுவதற்கு எதிரே வழமையைப் பின்பற்றுவதும் பாதுகாப்பும் இருக்கின்றன. புதிய மேற்பார்வையாளர் ஒருவர் இந்த ஒரு படத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலே போதும். "எனக்கு உற்பத்தியும் முக்கியம், ஆட்களின் நலனும் முக்கியம்" என்று சொல்வது எளிது. அவை இரண்டும் ஒரே இரவில், ஒரே மணி நேரத்தில் எதிரெதிரே வந்து நிற்கும்போது நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைக் குழு பார்த்துக்கொண்டே இருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். பொறுப்பேற்ற முதல் கூட்டத்தில், "தவறு நடந்தால் மறைக்காதீர்கள், உடனே வந்து சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன்" என்று இருபத்திரண்டு பேருக்கு முன்னால் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். சில வாரங்கள் கழித்து, ஒரு மாதக் கடைசியில், இரவு ஷிப்ட், மணி மூன்று இருக்கும். எங்கள் லைனில், போர்டில் பொருத்த வேண்டிய மின்தடையங்கள் (ரெசிஸ்டர்கள்) ரீல்களில் சுற்றி வரும். ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும்தான். அந்த அளவில் அவற்றின் மேல் எந்த எண்ணும் அச்சிடப்பட்டிருக்காது. ஆகவே தவறான ரீல் ஏறிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. ரீலை மாற்றும்போது பார்கோடை ஸ்கேன் செய்வது ஒன்றுதான் காப்பு. என்னைவிட வயதில் மூத்த அக்கா ஒருவர், பெருநிலப் பக்கத்துப் பிறை வட்டாரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர், என்னிடம் வந்து மெதுவான குரலில், "தம்பி, ரீல் மாத்தும்போது ஸ்கேன் பண்ண மறந்துட்டேன். வேற ரீல் ஏறிடுச்சு போல இருக்கு" என்றார். ஏறக்குறைய நானூறு போர்டுகள் ஓடியிருந்தன. நான் முதலில் உற்பத்திப் பலகையில் இருந்த எண்ணைப் பார்த்தேன், பிறகு, எல்லோர் காதிலும் விழும்படி, "மாசக் கடைசியிலதான் இதெல்லாம் நடக்கணுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து என்னைத் "தம்பி" என்று அழைப்பதை நிறுத்திவிட்டு, "சார்" என்று அழைக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நான்கு மாதங்கள் ஒருவர்கூடத் தாமாக வந்து ஒரு தவறையும் சொல்லவில்லை. தவறுகள் குறையவில்லை, சோதனைப் பிரிவில் சிக்கிய போர்டுகளின் எண்ணிக்கைதான் கூடியது. என் முதல் கூட்டத்துப் பேச்சு அந்த ஒரே வாக்கியத்தில் அழிந்துபோயிருந்தது.

அமெரிக்க அறிஞர்களான கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் 1974இல் விளக்கிய ஒரு வேறுபாடு எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது. எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று கேட்டால் ஒருவர் சொல்லும் விளக்கம் ஒன்று; அவருடைய செயல்களைக் கவனித்தால் வெளிப்படும் நெறி இன்னொன்று. இரண்டும் வேறாக இருப்பது மட்டும் சிக்கல் இல்லை. வேறாக இருப்பதே பெரும்பாலும் அவருக்குத் தெரிவதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். நான் ஒளிவுமறைவின்மையை மதிப்பவன் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். அந்த இரவில் நான் மதித்தது மாதக் கணக்கை. குழுவுக்கு அது ஒரு விநாடியில் புரிந்தது. எனக்குப் புரிய நான்கு மாதங்கள் ஆயின.

தவறைச் சொல்வதைப் பற்றி இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகள் அந்தக் குழுக்களில்தான் அதிகமாக இருந்தன. அங்கே பிழைகள் கூடுதலாக நடந்தன என்பது அதற்குப் பொருள் இல்லை, அங்கே இருந்தவர்கள் பிழையை அஞ்சாமல் வெளியே சொன்னார்கள் என்று அவர் பிறகு விளக்கினார். என் லைனில் யாரும் எதையும் சொல்லாமல் இருந்த நான்கு மாதங்களை, எல்லாம் சரியாக நடக்கும் மாதங்கள் என்றே முதலில் நான் எண்ணியிருந்தேன்.

சொந்த விழுமியத்தைத் தெளிவாக்குவது எப்படி?

விழுமியங்களின் பெயர் நமக்குத் தெரியாமல் இல்லை. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் நன்னெறிக் கல்விப் பாடத்துக்காக 36 நெறிகளின் பெயரையும் விளக்கத்தையும் மலாயில் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்த தலைமுறை நம்மிடையே இருக்கிறது. ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து உங்கள் விழுமியங்களைத் தேர்ந்தெடுங்கள் என்றால், எல்லோரும் நேர்மை, மரியாதை, ஒற்றுமை என்று குறித்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பட்டியலிலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. நடந்து முடிந்தவற்றிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, வேலையிடத்தில் உங்களுக்கு அடக்க முடியாத கோபம் வந்த ஒரு நிகழ்வை எழுதுங்கள். யாரோ ஒருவருடைய உழைப்பை வேறொருவர் தம்முடையதாகக் காட்டிக்கொண்டாரா? புதிதாக வந்த வெளிநாட்டுத் தொழிலாளி மட்டும் திரும்பத் திரும்பக் கடினமான இடத்தில் நிறுத்தப்பட்டாரா? கோபம் வந்த இடத்தில் நீங்கள் மதிக்கும் ஏதோ ஒன்று மிதிபட்டிருக்கிறது. அடுத்து, தெரிந்தே நட்டத்தை ஏற்றுக்கொண்ட ஒரு முடிவை எழுதுங்கள்: ஓவர்டைம் பணத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போன நாள், சொல்லாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்ற நிலையிலும் உண்மையைச் சொன்ன நாள். கடைசியாக, நினைத்தால் இன்றும் கூசுகிற ஒரு நிகழ்வை எழுதுங்கள். எழுதுவதற்கு இதுதான் கடினம். அதிகம் கற்றுக் கொடுப்பதும் இதுதான். என் நோட்டில் அந்த இரவு இந்த மூன்றாம் பக்கத்தில்தான் இருக்கிறது.

இப்படி எழுதியவற்றை ஒருவரிடம் காட்டுங்கள். மனைவியிடமோ கணவரிடமோ, பழைய வேலையில் உடன் இருந்தவரிடமோ காட்டலாம். "நான் இப்படிப்பட்டவன் என்று நினைக்கிறேன், உனக்கு அப்படித் தெரிகிறதா?" என்ற கேள்விக்கு அவர்கள் தரும் பதில், நாம் தனியே உட்கார்ந்து எழுதியதை நிச்சயம் திருத்தும். எத்தனை விழுமியங்கள் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பேன். நெருக்கடியில் நினைவுக்கு வராத விழுமியம் யாருக்கும் பயன்படாது.

பிறகு ஒவ்வொன்றையும், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நடத்தையாக மாற்றி எழுத வேண்டும். "ஒளிவுமறைவின்மை" என்ற சொல் குழுவுக்கு எதையும் உறுதி அளிப்பதில்லை. "தவறைச் சொல்ல வருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை போர்டு ஓடியிருக்கிறது என்பது மட்டுமே" என்று எழுதினால், நான் அதைக் கடைப்பிடித்தேனா இல்லையா என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்த அளவுக்குத் துல்லியமாக எழுதுவதற்கு முதலில் அச்சமாக இருக்கும். அந்த அச்சம் நல்ல அறிகுறி.

இதற்கெல்லாம் நேரம் செலவிடுவது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நிறுவனத்தின் விழுமியங்கள்தாம் சுவரில் இருக்கின்றனவே, அவற்றைப் பின்பற்றினால் போதாதா என்பது அவர்கள் கேள்வி. பேரி போஸ்னரும் வாரன் ஸ்மிட்டும் மேலாளர்களிடையே நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. தம் சொந்த விழுமியங்களில் தெளிவாக இருந்தவர்கள், நிறுவனத்தின் விழுமியங்கள் அவ்வளவு தெளிவாக இல்லாத நிலையிலும், வேலையில் ஈடுபாட்டோடு இருந்தார்கள். நிறுவனத்தின் விழுமியங்களை மட்டும் தெளிவாக அறிந்து, தம்முடையதில் தெளிவில்லாதவர்களிடம் அந்த ஈடுபாடு காணப்படவில்லை. தன்னுடையது எது என்று தெரியாதவர், சுவரில் இருப்பதோடு தான் உடன்படுகிறாரா என்பதைக்கூடச் சொல்ல முடியாது அல்லவா?

கடைப்பிடிப்பது

குழுவினர் தலைவரின் விழுமியத்தை எங்கிருந்து படிக்கிறார்கள்? நிறுவனப் பண்பாட்டைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த எட்கர் ஷைன் இதற்குச் சில இடங்களைக் குறிப்பிட்டார். தலைவர் எதைத் தொடர்ந்து கவனிக்கிறார், எதை அளக்கிறார், நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறார், பணத்தையும் நேரத்தையும் எதற்கு ஒதுக்குகிறார், யாரை உயர்த்துகிறார் என்பவை அவற்றுள் சில. பேச்சு இந்த வரிசையில் முன்னால் வருவதில்லை.

நம் நாட்டில் இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு உண்டு. 1982இல் அரசாங்கம் "பெர்சே, செகாப், அமானா" என்ற இயக்கத்தைத் தொடங்கியது. தூய்மை, திறமை, நம்பகம் என்று அதைச் சொல்லலாம். மறு ஆண்டு, "கெபிம்பினான் மெலாலுய் தெலாடான்", அதாவது முன்மாதிரியால் தலைமை தாங்குதல் என்ற இயக்கம் வந்தது. அரசு ஊழியர்கள் பெயர் அட்டை அணிய வேண்டும், வருகை அட்டையை இயந்திரத்தில் தட்ட வேண்டும் என்று நடைமுறை வந்தபோது, அன்றைய பிரதமர் மகாதீரும் பெயர் அட்டை அணிந்தார், வருகை அட்டையைத் தட்டினார். அவருடைய அரசியலைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. முழக்கங்கள் மறந்தவர்களுக்கும் அந்த அட்டை நினைவில் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

என் குழுவில் இதைச் சோதித்த இடம் பண்டிகை நாள் அட்டவணை. மலாய்க்காரர், சீனர், தமிழர், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள் என்று கலந்த குழு அது. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, தசைன் எதுவாயினும் லைன் முழுவதையும் நிறுத்த முடியாது. யாராவது வந்தாக வேண்டும். எனக்கு முன்னே இருந்த வழக்கம், முதலில் கேட்பவருக்கு விடுமுறை. கேட்கத் தெரிந்தவர்களும், மேற்பார்வையாளரோடு கேன்டீனில் ஒன்றாக உட்காருபவர்களும் எப்போதும் முதலில் கேட்டார்கள். நியாயம் என் மூன்றில் ஒன்று என்று எழுதி வைத்த பிறகு, இந்த வழக்கத்தை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தப் பண்டிகையில் யார் வேலை செய்தார் என்று பழைய அட்டவணைகளைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, லாக்கர் அறைக் கதவில் ஒட்டினேன். அதிகம் விட்டுக்கொடுத்தவருக்கு அடுத்த முறை முதல் உரிமை என்று குழுவோடு பேசி முடிவு செய்தோம். தாளைப் பார்த்தபோது, என் பெயர் எந்தத் தீபாவளிக்கும் நேராக இல்லை என்பதும் தெரிந்தது. அந்த ஆண்டுத் தீபாவளி இரவு ஷிப்டுக்கு என் பெயரை நானே எழுதினேன். வீட்டில் அம்மாவுக்கு வருத்தம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகும் இருவர் அட்டவணையைப் பற்றி முறையிட்டார்கள். ஆனால் கணக்கைக் காட்டி முறையிட்டார்கள். நான் யாருக்குச் சலுகை காட்டுகிறேன் என்ற பேச்சு எழவில்லை.

சிறிய இடங்களிலும் இது வெளிப்படும். பண்டிகைக் காலத்தில் பொருள் வழங்கும் நிறுவனங்களிலிருந்து பரிசுக்கூடைகள் வரும். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பிறகு, நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவர் அதன் பொருட்டு லஞ்சம் கொடுத்தால் நிறுவனமும் பொறுப்பேற்க நேரிடலாம் என்பதால், பல நிறுவனங்கள் பரிசு விஷயத்தில் எழுத்து வடிவில் விதி வைத்திருக்கின்றன. ஆனால் கூடை காரின் பின்புறத்துக்குப் போகிறதா, பதிவேட்டில் எழுதப்பட்டு எல்லோருக்கும் பொதுவான மேசைக்கு வருகிறதா என்பதைத்தான் குழு பார்க்கிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சொந்த விழுமியத்தில் தெளிவு வந்ததும், அதைக் குழுவின் மேல் ஏற்றி வைக்கும் ஆசை வரும். நேரந்தவறாமை எனக்கு உயர்ந்தது என்பதால், பினாங்குப் பாலத்தில் நெரிசலில் சிக்கி எட்டு நிமிடம் தாமதமாக வந்தவரை ஒழுக்கமில்லாதவராகப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. ஒரே விழுமியம் வெவ்வேறு மனிதரிடம் வெவ்வேறு உருவில் வெளிப்படவும் செய்யும். எங்கள் குழுவில் இருந்த நேப்பாள இளைஞர்கள் கூட்டங்களில் தலையைத் தாழ்த்திக்கொண்டு பேசாமல் இருப்பார்கள்; அது மரியாதை என்று எனக்குப் புரியும்வரை, அதை ஈடுபாடின்மை என்று எண்ணியிருந்தேன். உங்களுடையதைச் சொல்லுங்கள், பிறகு அவர்களுடையதைக் கேளுங்கள், இருவருக்கும் பொதுவான இரண்டு மூன்று நடைமுறைகளை மட்டும் குழுவின் வழக்கமாக வையுங்கள்.

தவறும்போது

விழுமியத்தை அறிவித்தவர் அதை ஒருநாள் மீறத்தான் செய்வார். அந்த மீறலை எப்படிச் சரிசெய்கிறார் என்பதைக் கொண்டுதான் குழு அவரை எடை போடுகிறது. தனியே கூப்பிட்டு ஆறுதல் சொல்வது போதாது. எல்லோர் முன்னும் நடந்ததை எல்லோர் முன்னும்தான் சரிசெய்ய வேண்டும்.

நான்கு மாதம் கழித்து, ஷிப்ட் தொடங்கும் முன் நடக்கும் ஐந்து நிமிடக் கூட்டத்தில், எல்லோருக்கும் புரியும்படி மலாயில் சொன்னேன். அன்று இரவு அக்கா செய்தது சரி, நான் பேசியது தவறு. தவறைச் சொன்னால் கோபப்பட மாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கை நானே மீறினேன். இனி தவறைச் சொல்ல வருபவரிடம் நான் முதலில் கேட்பது எத்தனை போர்டு என்பது மட்டும்தான். வேறு ஏதாவது கேட்டால் அங்கேயே என்னை நிறுத்திச் சொல்லலாம். யாரும் பதில் பேசவில்லை. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு தம் இயந்திரத்துக்குப் போய்விட்டார்.

ஏழு வாரம் கழித்து, நேப்பாள இளைஞர்களில் ஒருவர் கையில் ரீலோடு என்னிடம் வந்தார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்திருந்தார். தட்டுத் தடுமாறிய மலாயில், ஸ்கேன் செய்யாமல் ஏற்றிவிட்டேன் என்றார். எத்தனை போர்டு என்று கேட்டேன். ஆறு என்றார். இருவரும் சேர்ந்து அந்த ஆறையும் எடுத்துச் சிவப்புத் தட்டில் வைத்தோம். அடுத்த இயந்திரத்திலிருந்து அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை மறுபடியும் "தம்பி" என்று அழைக்க அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.